கடித்ததும் பிட்டதும்

இடக்கை அதிரசத்தின் விளிம்பைத் தாங்கிக்கொண்டது. வலக்கை ஒரு சோடா மூடியை அதன்மேல் வைத்து மெதுவாக அழுத்தியது. மூடியின் நெளிந்த ஓரம் மாவுக்குள் இறங்கிப் பிறை வடிவில் ஒரு துண்டைப் பெயர்த்தது. கைகள் அதிரசத்தைத் தட்டில் வைத்துவிட்டு ஈரத்துணியில் விரல்களைத் துடைத்தன. கட்டைவிரல், நகக்கண், மறுபடியும் கட்டைவிரல். பிறகு விளக்கைத் தாழ இறக்கிக் கேமராவைச் சொடுக்கின. சின்னத் திரையில் வந்து விழுந்தது எலி கடித்த அதிரசம்.

அடுத்து டீஸ்பூன். அது கரண்டியால் வெட்டிய கேசரி மாதிரி வழவழவென்று வந்தது. நகத்தால் கிள்ளிப் பார்த்தால் சிரங்கு உரிந்த தோல். கொம்தார் பக்கம் பொம்மைக் கடையில் வாங்கிவந்த பிளாஸ்டிக் பல்செட்டையும் கைகள் எடுத்து அழுத்திப் பார்த்தன. அது பேய்ப் பல் என்பது வாங்கும்போது கவனத்தில் படவில்லை. அதிரசத்தில் இரண்டு ஓட்டை மட்டும் விழுந்தது, பாம்பு கொத்தியதுபோல.

“சீ!”

எண்ணெய்ப் பிசுக்கு பல்செட்டில் ஏறி, பல்செட்டிலிருந்து மறுபடி விரலுக்கு வந்திருந்தது. ஜன்னல் வழியே புகுந்த ஓர் ஈ நாலாவது அதிரசத்தின் மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்தது. அதை விரட்டிவிட்டு, அது உட்கார்ந்த அதிரசத்தை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டாள் ஜெகதீஸ்வரி.

ஜார்ஜ்டவுன் ரைஃபிள் ரேஞ்ச் ஃபிளாட்டின் மேல்மாடி வீடு ஒன்றில், சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் தள்ளிப்போட்டு, ஒரு பழைய கேமராவையும் ஒரே ஒரு விளக்கையும் வைத்துக்கொண்டு பொருள்களைப் படம் எடுக்கிறவள் அவள். ஆளை எடுக்க மாட்டாள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போக மாட்டாள். “ஆளுக்கு வேர்க்கும், சிரிக்கும், மூக்கை உறிஞ்சும். கத்தரிக்காய்க்கு அதெல்லாம் கெடையாது” என்பாள்.

நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதிலேயே பொதுக்குழாயில் கட்டியிருந்த குவளையில் வாய் வைக்க மாட்டாள். பள்ளி விருந்தில் பக்கத்து இலையில் இருந்தவன் ரசத்தை உறிஞ்சினால் இவளுக்குச் சோறு இறங்காது. அவள் அம்மா நல்லம்மாள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: “இவளுக்கு மூக்கு முதல்ல பொறந்துச்சு, ஒடம்பு அப்புறமாத்தான் வந்துச்சு.”

அந்த அருவருப்புக்கு முதன்முதலில் சம்பளம் கொடுத்தது ஜுருவில் இருந்த ஒரு தொழிற்சாலை. காரின் முன்விளக்குக்கு மாட்டும் கண்ணாடி போன்ற மூடிகளை அங்கே செய்தார்கள். ஜெகாவுக்குச் சோதிக்கும் வேலை. விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் மறைந்துகொள்ளும் கீறலெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். கீறல், குமிழி, யாரோ ஒருத்தியின் தலைமுடி, யாரோ ஒருத்தனின் கட்டைவிரல் ரேகை. ஒவ்வொன்றுக்கும் “சீ” என்று சொல்லிச் சிவப்புத் தொட்டியில் போடுவாள். மேற்பார்வை பார்த்த ஃபாத்தின் மலாய்க்காரப் பெண். அவளுக்கே அந்தச் சொல் தொற்றிக்கொண்டது. ஷிஃப்ட் முடிந்ததும், “ஜெகா, இன்னைக்கு எத்தனை சீ?” என்று கேட்பாள். தமிழ்ப் பெண்கள் அவளுக்கு வைத்த பேர் சீச்சீ அக்கா.

பிறகு ஒருநாள் அவள் உட்காரும் இடத்தில் ஒரு கேமராவைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அது முகம் சுளிக்காமல், தண்ணீர் குடிக்கப் போகாமல் கீறலைக் கண்டுபிடித்தது. ஜெகாவும் இன்னும் சிலரும் வேலை போய் வீட்டுக்கு வந்தார்கள். கேமராவிடம் வேலையைப் பறிகொடுத்தவள், கையில் கொடுத்த கடைசித் தொகையில் ஒரு கேமராவையே வாங்கினாள். சிவநேசனுக்கு, அவள் கணவருக்கு, அது கடைசிவரை விளங்கவில்லை. அவர் பஸ் ஓட்டுகிறவர். “பஸ் இடிச்சு காலு ஒடிஞ்சவன் பஸ்ஸை வாங்கின மாதிரி இருக்கு” என்றார்.

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எடுத்துப் பார்த்து, அழித்து, மறுபடி எடுத்தே கற்றுக்கொண்டாள். அவளுடைய முறை ஒன்றுதான். படத்துக்குள் வர வேண்டியதையெல்லாம் மேசையில் வைப்பாள். கண்ணை வைத்துப் பார்ப்பாள். எதைப் பார்த்து “சீ” என்று வருகிறதோ அதை எடுத்துவிடுவாள். மறுபடி பார்ப்பாள். “சீ” வராமல் எது மிஞ்சுகிறதோ அதுதான் படம்.

ஆனால் வந்த வேலையெல்லாம் வேறு மாதிரி. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனில் போடப் படம் வேண்டும். காலையில் சமைத்த மீன் தலை மத்தியானம் வரை விளக்கடியில் கிடக்கும். கண் சுருங்கிப்போனால் கிளிசரின் தடவ வேண்டும். கறியின் மேல் ஆடை கட்டினால் பிரஷ்ஷால் எண்ணெய் பூச வேண்டும். தூக்கி ஆற்றும் பால் டீ, தே தாரேக்கின் நுரை நிற்காது. அதனால் பாத்திரம் கழுவும் சோப்பை அடித்து நுரையாக்கி மேலே வைப்பாள். பார்க்கிறவன் நாக்கில் எச்சில் ஊறும். எடுக்கிறவளுக்கு வயிற்றைப் புரட்டும். இப்போதெல்லாம் அவள் பகலில் சாப்பிடுவது பால் விடாத கோப்பி ஓவும் தண்ணி பிஸ்கட்டும்தான். மீனைக் கண்டால் கிளிசரின் ஞாபகம். நுரையைக் கண்டால் சோப்பு.

பின்னணி அதைவிடக் கண்றாவி. ஜார்ஜ்டவுனில் படம் கேட்கிற ஒவ்வொருவனுக்கும் “ஹெரிட்டேஜ்” சுவர் வேண்டும். நீலச் சுண்ணாம்பு உரிந்து, உள்ளே செங்கல் தெரிந்து, ஓரத்தில் பச்சை படர்ந்த சுவர். ஒட்டுப்பலகையில் பட்டி பூசி, நீலம் அடித்து, சுரண்டி, அவளே அப்படி ஒன்று செய்து வைத்திருந்தாள். நன்றாகத்தான் வந்தது. அதனாலேயே அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். “பூஞ்சை புடிச்ச சொவத்துக்கு முன்னாடி சோத்தை வெச்சுத் திங்கிறவன் எவன்?” என்று சிவநேசனைக் கேட்பாள், அவர்தான் கேட்டுவிட்டதைப் போல.

இந்த நிலைமையில்தான் விசாலம் பலகாரக் கடையிலிருந்து ஆள் அனுப்பினார்கள்.

குயின் ஸ்திரீட்டில் இருக்கிற கடை. விசாலம் ஆச்சி நடத்துவது. இப்போது வெளிவேலைகளை மருமகள் ஜெயந்தி பார்த்துக்கொள்கிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு புதுத் தகர டின் போடுவார்கள், மூடியில் படம் அச்சடித்து. பலகாரம் நாலு நாளில் தீர்ந்துவிடும். டின் தீராது. ஊசி நூல், ஆணி, பழைய சாவி, குழந்தையின் தொப்புள்கொடி என்று ஏதோ ஒன்றைப் போட்டு வருஷக்கணக்கில் அலமாரியில் வைத்திருப்பார்கள். போனில் போகிற படம் விரலால் தள்ளியதும் போய்விடும். இது போகாது. ஒரு படமாவது அப்படி நிற்க வேண்டும் என்று ஜெகாவுக்கு ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆசையைவிட அவசரம் ஒன்றும் இருந்தது. ஃபாத்தின் இப்போது ஜுருவில் வேறொரு தொழிற்சாலையில் இருந்தாள். அங்கே கண்ணால் பார்த்துச் சோதிக்க மறுபடி ஆள் எடுக்கிறார்கள். “உனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வேன் வரும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்” என்று செய்தி அனுப்பியிருந்தாள். டின் மூடிப் படம் கைக்கு வந்தால் இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் வேன்தான் என்று ஜெகா மனசுக்குள் முடிவு செய்துகொண்டுதான் கடைப்படி ஏறினாள்.

ஜெயந்தி சுற்றிவளைக்கவில்லை.

“அக்கா, அடுக்கி வெச்சு எடுக்கிற படமெல்லாம் போதும்லா. போன வருசம் அப்படித்தான் போட்டோம். பேங்க் காலண்டர் மாதிரி இருந்துச்சு. இந்த வருசம் உயிரோட இருக்கணும். யாரோ இப்பத்தான் ஒரு வாய் கடிச்சிட்டு, போன் வந்துச்சுன்னு எழுந்து போன மாதிரி.”

“கடிச்சிட்டா?”

“கடிச்ச மாதிரி அதிரசம், பாதி குடிச்ச டீ, கொஞ்சம் தூள் சிந்தியிருக்கணும். ஹாஃபிஸ், அக்காகிட்ட காட்டு.”

ஹாஃபிஸ் டின்னுக்கு டிசைன் போடுகிறவன், தாசேக் கெலுகோர் பையன். பையன் என்றாலும் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஜெகாவை மலாய் வழக்கப்படி ‘கக்’ என்று கூப்பிடுவான், அக்காதான் அது. அவன் போனில் காட்டிய படங்களில் வெள்ளைக்காரன் ஊர் பிஸ்கட்டுகள் பளிங்கின்மேல் கடிபட்டுக் கிடந்தன. ஒரு கோப்பையின் விளிம்பில் உதட்டுச்சாயம் அப்பியிருந்தது.

“எச்சிலா இருக்கே, ஜெயந்தி.”

“அதான்க்கா இப்ப ஸ்டைலு.”

“எச்சிலா?”

“அக்கா, உங்ககிட்ட கேக்குறேன்னா உங்க லைட்டிங் புடிக்கும். முடியலன்னா சொல்லுங்க. கோலாலம்பூர்ல ஒரு ஸ்டூடியோ கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

ஜெகா முடியும் என்றாள். அதிரசம் ஒரு பெட்டி நிறையக் கட்டிக் கொடுத்தார்கள்.

அப்படித் தொடங்கியதுதான் சோடா மூடியும் ஸ்பூனும் பேய்ப் பல்லும். கடித்த வடிவம் ஒருபக்கம் படுத்தியது என்றால், எதன்மேல் வைப்பது என்பது இன்னொரு பக்கம். துத்தநாகத் தகட்டில் வைத்தாள். பட்டறையில் யாரோ மறந்துவிட்டுப் போன அதிரசம். மெங்குவாங் தாழையோலைப் பாயில் வைத்தாள். சுற்றுலாக்காரனுக்கு விற்கிற அதிரசம். பாத்தேக் துணியில் அதிரசமே காணாமல் போனது, துணியின் பூதான் தெரிந்தது. கறுப்புக் குப்பைப் பையைக்கூட விரித்துப் பார்த்தாள். வெளிச்சம் அதில் அழகாக வழிந்தது. ஆனால் அது குப்பைப் பை என்பது அவளுக்குத் தெரியுமே. சிவநேசனின் வெளுத்த கைலி நல்ல சாம்பல் நீலம். அரைமணி நேரம் மடிப்பைச் சரிசெய்த பிறகு, அது எங்கே கட்டுகிற துணி என்ற நினைப்பு வந்து உருவி எறிந்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த உரிந்த சுவர்ப் பலகையையே திருப்பி வைத்தாள்.

சிவநேசன் வேலை முடிந்து வந்து, கடிபடாமல் கடிபட்ட அதிரசங்களைப் பார்த்தார்.

“எதுக்கு இந்தப் பாடு? குடு, நான் கடிச்சுத் தரேன்.”

“உங்க வாயாலயா?”

“பின்ன? ஒன் வாயாலயா? நீதான் தண்ணி பிஸ்கட்டைத் தவிர எதையும் உள்ள விடுறதில்லையே.”

அவர் கடித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத இடத்தில் மாவு சின்ன முளைபோல நின்றது. அதுதான் உயிர். எந்த மூடியாலும் அதைச் செய்திருக்க முடியாது. ஜெகா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை இடுக்கியால் வாங்கி, பலகைக்கு முன்னால் வைத்து, பக்கத்தில் அவர் குடித்து மீதி வைத்த தேநீரையும் வைத்து, விளக்கைச் சாய்த்தாள். கடித்த ஓரத்தில் ஈரம் ஒரு கோடாக மின்னியது. லென்ஸ் வழியாக அதைப் பெரிதாகப் பார்க்க வேண்டியிருந்தது. கோடு மெல்லக் காய்ந்து சுருங்குவதுகூடத் தெரிந்தது. சொடுக்கிவிட்டு நேராகக் கழுவுதொட்டிக்கு ஓடி முகத்தைக் கழுவினாள்.

அவள் எடுத்த படங்களிலேயே அதுதான் வெளிச்சம் மிக நன்றாக விழுந்த படம். அதுவும் அவளுக்குத் தெரிந்தது. அனுப்பினாள்.

ஜெயந்தி நெருப்பும் இதயமுமாக ஒரு வரிசை அனுப்பினாள். ஹாஃபிஸ் ‘சந்தேக், கக்’ என்றான், அழகு என்று. இரண்டே நாளில் படத்தை ஒரு டின்னின்மேல் ஒட்டி மாதிரி செய்து, ஆளிடம் கொடுத்தனுப்பினான். மூடியில் தங்க எழுத்து. நடுவில் சிவநேசனின் பல்.

அன்று வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் அச்சுக்குப் போகிறது. ஃபாத்தினுக்கு ‘வரவில்லை’ என்று அனுப்பினால் முடிந்தது. ஜெகா குளித்துவிட்டு விளக்கேற்ற வந்தாள். சாமி மேடையைப் பார்த்தவள் தீப்பெட்டியோடு அப்படியே நின்றாள்.

மேடையில் முருகனுக்கு இந்தப் பக்கம் சிவநேசனின் அம்மா படம் இருக்கும். செத்து ஆறேழு வருஷம் ஆகிறது. அந்தப் படத்துக்கு நேர் எதிரே, பூ வைத்து, பொட்டு வைத்து, டின் உட்கார்ந்திருந்தது.

“என்னங்க இது?”

“மொதல் மொதல்ல டின்னுல வருது. அம்மா பாக்கட்டுமேன்னு வெச்சேன்.”

“நீங்க கடிச்சதை உங்கம்மா முன்னாடி வெச்சிருக்கீங்க!”

“படம்தானே, ஜெகா.”

“படம்தான். உங்கம்மாவும் படம்தான்!”

சிவநேசன் டின்னை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அது எங்கே இருந்தாலும் ஜெகாவுக்கு இப்போது ஒன்றுதான். அவள் கண்ணுக்கு வேறொன்று தெரிய ஆரம்பித்திருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு படையல். செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, அவர்களுக்குக் காட்டிய பிறகுதான் மற்றவர் வாயில் படும். அதுவரை உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்க மாட்டார்கள். எச்சிலைப் படைக்கக் கூடாது. அந்த இலையோரத்தில் விசாலம் பலகார டின் உட்காரும். ஜார்ஜ்டவுனில், பட்டர்வொர்த்தில், ஜுருவில், பைராம் தோட்டத்தில். ஒவ்வொரு வீட்டுச் செத்தவர் முன்னாலும் இவள் புருஷன் கடித்த அதிரசம், ஈரம் மின்ன, இவள் வைத்த வெளிச்சத்தில். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அலமாரியில்.

“சீ!” என்றாள். தொழிற்சாலையில்கூட அவ்வளவு பலமாகச் சொன்னதில்லை.

“இப்ப என்னா? ஜெயந்திக்குப் புடிச்சிருக்கு. அச்சுக்குப் போவுது. நீ ஜுருவுக்குப் போவ வேணாம். விட்டுடு.”

“விட்டுடலாம்தான்.”

“அப்புறம்?”

“மத்தவங்க செஞ்ச கீறலுக்கே சிவப்புத் தொட்டி வெச்சிருந்தேன்.”

சிவநேசன் பெருமூச்சு விட்டார். மேசையில் பலகாரப் பெட்டி திறந்தே இருந்தது. யோசனையாக ஓர் அதிரசத்தை எடுத்தார், இரண்டு கையாலும் பிட்டார், பாதியை அண்ணாந்து வாயில் போட்டுக்கொண்டார். மற்ற பாதியைப் பேச்சோடு பேச்சாக அவள் பக்கம் நீட்டினார்.

“இந்தா.”

ஜெகா அதை வாங்கவில்லை. பிட்ட இடத்தையே பார்த்தாள்.

“அன்னைக்குக் கடிச்சீங்களே?”

“நீதானே கடிச்ச மாதிரி வேணும்னே. யாரு அதிரசத்தைப் போயி கடிச்சுத் திங்கிறா? என்னா, பெர்கரா?”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தன்மேலேயே குமட்டலும் வந்தது. இத்தனை நாள் வெள்ளைக்காரன் ஊரில் கடிபட்ட பிஸ்கட்டைத்தான் அவள் அதிரசத்தில் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு எதிரே தினமும் ஒரு மனுஷன் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருக்க, அவன் கடித்துக் கொடுத்ததை வாங்கிப் படம் எடுத்திருக்கிறாள். பிட்டது எச்சில் இல்லை. அதைச் சாமிக்கும் வைக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். கை பட்டது தெரியும், வாய் படாததும் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் மேசைக்கு வந்தாள். உரிந்த சுவர்ப் பலகையை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். அந்த இடத்தில் வைக்க எதையும் தேடவில்லை. தட்டையே பின்னணியாக்கினாள். அது சமையலறையில் தினமும் புழங்கும் எவர்சில்வர் தட்டு. வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு போய்விட்டது. கேமராவை மேலிருந்து கவிழ்த்தாள். விளக்கைத் தாழச் சாய்த்ததும் தட்டு முழுக்கக் கீறல்கள் எழுந்து நின்றன. மெல்லிய, வட்ட வட்டமான, மயிரிழைக் கீறல்கள். ஜுருவாக இருந்தால் பார்க்காமலே சிவப்புத் தொட்டி. “சீ” வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. கீறல் எல்லாம் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நடுவில் இருந்த அதிரசத்தைச் சுற்றி வந்தன.

அதிரசத்தைப் பிட்டாள். சரியாக வரவில்லை, ஒரே கிழிசல். இன்னொன்று. அது நேராக உடைந்து வெட்டியதுபோல் தெரிந்தது. சிவநேசனை எழுப்பினாள். அவர் பாதித் தூக்கத்தில் பிட்டுக் கொடுத்தார். உள்ளே பஞ்சும் நாருமாக, வெல்ல நிறத்தில், ஓரத்தில் எள் ஒன்று தொற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பாதியும் ஒன்றைவிட்டு ஒன்று கொஞ்சம் விலகின. ஒன்று பார்க்கிறவர் பக்கமாகத் தள்ளி வந்திருந்தது. டீயை எடுத்துவிட்டாள், அது உதடு படாமல் குடிக்கிற சங்கதி இல்லை. தண்ணீர் டம்ளரை வைத்தாள், முக்கால் அளவு, விளிம்பு உலர்ந்து. அண்ணாந்து குடிக்கும்போது சிந்துமே, அப்படி ஒரு சொட்டு தட்டில்.

எறும்பு வரத் தொடங்கியிருந்தது. ஒன்று எள்ளை இழுத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊதித் தள்ளிவிட்டு எடுத்தாள். கொம்தாரில் ஒரு கடையில் பெரிதாக ஒரு பிரதி போட்டுக்கொண்டு, படத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, குயின் ஸ்திரீட்டுக்குப் போனாள். வழியில் போன் அதிர்ந்தது. ஃபாத்தின். ‘என்ன சொல்கிறாய்?’ ஜெகா பதில் போடவில்லை.

கடையின் பின்கட்டில் ஜெயந்தியும் ஹாஃபிஸும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள். திரையில் சிவநேசனின் பல், கதவளவு பெரிதாக.

“அக்கா! படம்தான் ஓக்கே ஆயிடுச்சே. இப்ப அனுப்பப் போறோம்.”

“ஆச்சி பாத்தாங்களா?”

“டின்னைக் காட்டினேன். கண்ணாடி போடாமப் பாத்துட்டு நல்லாருக்குன்னாங்க.”

ஜெகா வரும் வழியெல்லாம் படையல், சாமி, செத்தவர் என்று சொல்வதற்கு ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

“அதைக் கடிச்சது எங்க வீட்டுக்காரர்.”

ஜெயந்தியின் கை மவுஸ்மேல் நின்றது. “என்னக்கா?”

“பல்லாலதான். முன்பல்லு ஒண்ணு இல்ல அவருக்கு. அந்த மேடு அதான்.”

“நெசமாவே கடிச்சாரா? கடிச்ச *மாதிரி*ன்னுதானேக்கா சொன்னேன்!”

“மாதிரி வரலைம்மா. சோடா மூடி, ஸ்பூனு, பொம்மைப் பல்லு, எல்லாம் பாத்துட்டேன்.”

“அப்ப இந்த ஓரத்துல மின்னுதே… வெல்லப் பாகுன்னு நெனச்சேன்.”

“பாகு இல்ல.”

“ஐயே!” ஜெயந்தி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்ட ஹாஃபிஸுக்கு மலாயில் சொன்னாள். அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். அந்தப் படம் பிடித்துப்போய் அதைத் தன் போனின் முகப்பில் வைத்திருந்தான். போனை மெல்ல எடுத்து மேசையில் குப்புற வைத்தான்.

“என்னத்தா சத்தம்?” என்று அடுப்படியிலிருந்து விசாலம் ஆச்சி வந்தார். முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“இது யாரு தின்னு போட்டது?”

ஜெயந்தி ஜெகாவைப் பார்த்தாள். ஜெகா தரையைப் பார்த்தாள்.

“எச்சிலையா டின்னுல போடுறது? படையல்ல வெச்சா நம்மளை என்ன சொல்லுவாக?”

“அதை நானும் எடுத்திருக்கக் கூடாது ஆச்சி. வேற கொண்டுவந்திருக்கேன்” என்று பென்டிரைவை ஜெயந்தியிடம் கொடுத்தாள் ஜெகா.

தட்டு வந்தது. கீறல்கள் வந்தன. ஜெயந்தி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள், விலக்கினாள். இப்போது எதையும் எளிதில் நம்புவதாக இல்லை.

“இதுல யாரு வாயாச்சும் பட்டிருக்கா?”

“கைதான். கழுவின கை.”

“உயிரோடதான் இருக்கு,” என்றாள் ஜெயந்தி, கொஞ்சம் தயங்கி, தோற்றதுபோலவும் இல்லாமல் ஜெயித்ததுபோலவும் இல்லாமல். “ஆனா கீறலைக் கொஞ்சம் அழிச்சிரலாமா, ஹாஃபிஸ்?”

“வேணாம்” என்று ஜெகாவும் ஹாஃபிஸும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஆச்சி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். “பிட்டு வெச்சிருக்கே. மத்த பாதி யாருக்காத்தா?”

ஜெயந்தி சட்டென்று நிமிர்ந்தாள். “வாங்குறவங்களுக்கு அத்தை! ‘பாதி உங்களுக்கு!’ ஹாஃபிஸ், இதைக் கீழ தங்க எழுத்துல போடு!”

ஜெகா முகத்தைச் சுளித்தாள்.

“எழுத்தெல்லாம் வேணாம்” என்றார் ஆச்சி. “கடைப் பேரைப் போடு, போதும். இதையே அனுப்பு.”

ஜெயந்தி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போன் போட்டாள். ஜெகா திரும்பி நின்று ஃபாத்தினுக்கு ‘வரவில்லை’ என்று தட்டினாள். பிறகு உறையிலிருந்து பெரிய பிரதியை, ஓரங்களை மட்டும் தொட்டு, வெளியே எடுத்தாள். ஓர் அழுக்கு இல்லை, ஒரு ரேகை இல்லை.

“இது உங்களுக்கு, ஆச்சி.”

“கையெல்லாம் எண்ணெயா இருக்கே, ஆத்தா,” என்று சொல்லிக்கொண்டே ஆச்சி இரண்டு கையையும் நீட்டினார். கட்டைவிரல் இரண்டிலும் அதிரச மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. ஜெகா அந்த விரல்களைப் பார்த்தாள். நாக்கு நுனிக்கு அந்தச் சொல் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, படத்தை அந்தக் கைகளில் வைத்தாள்.